பஸ்ஸில் பேசித் தீர்த்த ஆராய்ச்சி

எனக்கு வாய் ஜாஸ்தி. மொதல்லயே ஒத்துக்கறேன், ஏன்னா நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம். நர்சிங் காலேஜ்ல டீச்சர் வேலை. நாலு பீரியடு தொடர்ந்து கத்திட்டு வந்தாலும் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அடுத்த பேச்சை ஆரம்பிச்சிடுவேன். "சம்பளம் இல்லாம பேசற நேரம் இது, கொஞ்சம் கொறைச்சுக்க"ன்னு என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்துல. காலேஜ் சிதம்பரத்தைத் தாண்டி, அண்ணாமலை நகர்ப் பக்கம். போக ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ஸு, வர அதே அளவு.

எனக்கு ஒரே அண்ணன். நெல்லிக்குப்பத்துல இருக்காரு, சொந்த டிராக்டர். அரவை சீசன் வந்துட்டா வயல்லேருந்து ஆலைக்குக் கரும்பு லோடு அடிக்கிறதுதான் வேலை. பல வருஷமா சர்க்கரை நோய். அது ஜாஸ்தியாப் போனா பாதத்துல உணர்ச்சி கொறைஞ்சிடும், முள்ளு ஏறினாலும் தெரியாது. அவரோட இடது பாதத்துல, கட்டைவிரலுக்குக் கீழ, கிளட்ச்சை மிதிக்கிற எடத்துல ஒரு புண்ணு வந்திருக்கு. அவருக்குத் தெரியவே இல்லை. தரையில ரத்தக்கறையைப் பாத்துட்டு எங்க அண்ணிதான் கண்டுபுடிச்சாங்க.

டாக்டர் சொன்னது ரொம்ப சாதாரணம். அந்த எடத்துல பாரம் விழக்கூடாது, டிராக்டர் ஓட்டக்கூடாது, எம்.சி.ஆர். செருப்பு போடணும். அது அடியில மெத்துமெத்துன்னு ரப்பர் வெச்ச தடிச் செருப்பு. அண்ணன் அதை ஒரு நாள் போட்டுப் பாத்துட்டு மூலையில வீசிட்டாரு. "இதைப் போட்டுக்கிட்டு ஆலை வாசல்ல நின்னா ஊரே என் காலைத்தான் பாக்கும். சீசன் முடியட்டும் பாப்பா"ன்னாரு. எனக்கு நாப்பது தாண்டியாச்சு, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

அந்த நேரம் பாத்து ஒரு களிம்பு என் கைக்கு வந்துச்சு. மருந்துக் கம்பெனி ஆளு ஒருத்தர் காலேஜுக்குக் கொண்டாந்து குடுத்தது. கூடவே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை. சர்க்கரைப் புண்ணு இதுல சீக்கிரம் ஆறுதுன்னு எழுதியிருந்துச்சு. படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. நேரா நெல்லிக்குப்பம் போயி, "இதைத் தடவுண்ணே, நல்லா ஆறிடும், நானே படிச்சுப் பாத்துட்டேன்"னு குடுத்தேன். அவருக்கு சந்தோஷம் தாங்கலை. எதிர்ல வந்தவங்ககிட்டெல்லாம் "எங்க பாப்பா ஆராய்ச்சி பண்ணி மருந்து குடுத்திருக்கு"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. செருப்புப் பேச்சை அதோட விட்டாச்சு. அவரும் விட்டாரு, நானும் விட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு எங்க பிரின்சிபால், ஆளுக்கொரு ஆராய்ச்சி செஞ்சே ஆவணும்னு சொல்லிட்டாங்க. நான் யோசிக்கவே இல்லை, அந்தக் களிம்பையே எடுத்துக்கிட்டேன். சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னு ஒரு முறை இருக்குது. நாமளா யாருக்கும் மருந்து குடுத்துப் பாக்கறதில்லை. ஒரே கேள்விக்கு உலகத்துல யார் யார் என்ன சோதனை செஞ்சிருக்காங்களோ அத்தனையையும் தேடி எடுத்து, எல்லாத்தையும் சேத்து வெச்சுப் பாத்து ஒரு முடிவுக்கு வரணும். நமக்குப் புடிச்ச கட்டுரையை மட்டும் பொறுக்கிக்கக் கூடாது. எதைச் சேப்போம், எதைத் தள்ளுவோம்னு தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதிப் பதிவு பண்ணிடணும். அப்புறம் ரெண்டு பேர் தனித்தனியா உக்காந்து ஒவ்வொரு கட்டுரையோட சுருக்கத்தையும் படிச்சு, வேணும், வேணாம்னு குறிக்கணும். ஒருத்தர் குறிச்சதை இன்னொருத்தர் பாக்கக்கூடாது. ஒருத்தர் கண்ணு தவறவிட்டா இன்னொருத்தர் கண்ணு புடிக்கும், ஒருத்தர் மனசு ஒரு பக்கம் சாஞ்சா இன்னொருத்தர் மனசு இழுத்து நிறுத்தும். ரெண்டு பேரும் ஒத்துப்போவலைன்னா மூணாவது ஆள் தீர்ப்பு சொல்லுவாரு.

எனக்கு ஜோடியா வந்தவ பார்மகாலஜி பாடம் எடுக்கறவ. என்னைவிட பத்து வயசு சின்னவ, அக்கான்னுதான் கூப்புடுவா. நான் பத்து வார்த்தை பேசினா அவ ஒண்ணு பேசுவா, அதுவும் யோசிச்சுட்டுத்தான். மூணாவது ஆளு எங்க புள்ளியியல் சார். சிதம்பரத்துக்காரரு, கோயிலுக்குப் பக்கத்துத் தெருவுல வீடு. தினம் விபூதியோட வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் நாற்காலியை விட்டு அசைய மாட்டாரு. பதிவு பண்ற படிவத்துல ஒரு கட்டம் இருந்துச்சு: இந்த ஆய்வுல உங்களுக்கு சொந்த லாபமோ சம்பந்தமோ ஏதாவது உண்டா? கம்பெனிக்காரங்ககிட்டேருந்து நான் ஒண்ணும் வாங்கலையே, 'இல்லை'ன்னு எழுதினேன். அண்ணன் ஞாபகமே வரலை, சத்தியமா.

தேடினதுல சுருக்கங்கள் ஆயிரத்துக்கு மேல வந்து விழுந்துச்சு. குறிக்கறதுக்கு ஒரு மென்பொருள் இருக்குது. அதுல ஒரு பொத்தானை அழுத்திட்டா அவ குறிச்சது எனக்குத் தெரியாது, நான் குறிச்சது அவளுக்குத் தெரியாது. சாரே வந்து அழுத்திட்டுப் போனாரு. கம்ப்யூட்டர்ல திரை போட்டாச்சு. பஸ்ல எவன் போடறது?

நான் கடலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறி கைப்பையை வெச்சு சீட்டு புடிச்சிடுவேன், அவ முதுநகர்ல ஏறுவா. ஏறினதும் நான் ஆரம்பிச்சிடுவேன். "நேத்து ஒண்ணு படிச்சேன் பாரு, எலிக்குத் தடவியிருக்கானுங்க. தள்ளிடலாம்ல?" "ஆமாக்கா." "இன்னொண்ணு தீக்காயம். நமக்கு எதுக்கு?" "வேணாங்க்கா." ஆலப்பாக்கம் வர்றதுக்குள்ள அன்னிக்கு ராத்திரி குறிக்க வேண்டியது பாதி முடிஞ்சிடும். வீட்டுக்குப் போயி தனித்தனியா உக்காந்து, பஸ்ல பேசினதை அப்படியே குறிப்போம். தப்பு பண்றோம்னு தோணவே இல்லை. பக்கத்துல உக்காந்து ஒண்ணா வேலை பாக்கற ரெண்டு பேரு பேசாம வருவாங்களா? எங்க ஊர்ப் பக்கம் பஸ்ல தெரியாதவங்ககிட்டயே குடும்பக் கதை முழுக்கச் சொல்லிட்டுத்தான் இறங்குவோம்.

நடுவுல வாரத்துக்கு ஒரு தடவை அண்ணனுக்கு போன் போடுவேன். "புண்ணு எப்படிண்ணே?" "வலியே இல்ல பாப்பா. உன் மருந்து சூப்பரு." எனக்கு மனசு குளிர்ந்திடும். உணர்ச்சி இல்லாத காலுல வலி இல்லைங்கறது நல்ல சேதி கெடையாதுன்னு வருஷா வருஷம் புள்ளைங்களுக்குப் பாடம் நடத்தறவ நானு. சொந்த அண்ணன் சொல்லும்போது அந்தப் பாடம் எங்க போச்சுன்னு தெரியலை.

சுருக்கம் எல்லாம் முடிஞ்சதும் சார் கணக்குப் போட்டாரு. ரெண்டு பேர் முடிவும் எந்த அளவுக்கு ஒத்துப்போவுதுன்னு பாக்கற கணக்கு. எங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சாரு. நான் பாராட்டு வரப்போவுதுன்னு நெனச்சேன்.

"மேடம், ஒண்ணுலகூட வித்தியாசம் இல்ல. புருஷன் பொண்டாட்டிகூட இப்படி ஒத்துப்போவ மாட்டாங்க. எப்படிச் செஞ்சீங்க?"ன்னாரு.

"என்னா சார் அதிசயம், பஸ்ல பேசிப் பேசியே முடிச்சிட்டோம்"னேன். பெருமையாத்தான் சொன்னேன்.

அவரு பேனாவை மூடி வெச்சாரு. அப்புறம் மெதுவா, "அப்படின்னா ரெண்டு பேர் பாக்கலை மேடம். ஒருத்தர்தான் பாத்திருக்கீங்க. மறுபடியும் மொதல்லேருந்து செய்யணும்"னாரு.

எனக்கு வந்துச்சே கோவம். ரெண்டு மாச வேலை, கண்ணு பூத்துப் போச்சு, உங்களுக்கென்ன உக்காந்த எடத்துல சொல்லிட்டீங்க, பேசினது ஒரு குத்தமான்னு கத்திட்டு வெளிய வந்துட்டேன். பஸ்லயும் சாரைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தா. முதுநகர்ல எறங்கும்போது மட்டும், "சார் சொல்றது சரிதாங்க்கா"ன்னுட்டுப் போனா. அவ வாயிலேருந்து எனக்கு எதிரா வந்த மொத வார்த்தை அது. அன்னிக்கு ராத்திரி சாப்பாடே எறங்கலை.

மறுநாள் சார்கிட்டப் போயி மன்னிப்புக் கேட்டேன். அவரு ஒண்ணும் பெரிசு பண்ணலை, பட்டியலைக் கலைச்சுப் போட்டுப் புதுசா குடுத்தாரு. அவ டிரைவருக்குப் பின்னால மொத சீட்டு, நான் கடைசி சீட்டுன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். எங்களைத் தினம் பாக்கற கண்டக்டர் ரெண்டு நாள் பாத்துட்டு, "என்னாங்க மேடம், ரெண்டு பேரும் டூ விட்டுட்டீங்களா?"ன்னாரு. "ஆராய்ச்சிங்க"ன்னேன். அவரு நம்பலை. மூணாவது நாள் எனக்காக அவகிட்ட சமாதானம் பேசவே போயிட்டாரு. பேசாம பஸ்ல வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது.

மறுபடியும் படிச்சு முடிக்க ஒண்ணரை மாசம் ஆச்சு. மூணு பேரும் சார் ரூம்ல உக்காந்து திரையை எடுத்தோம். இந்தத் தடவை வித்தியாசம் நெறைய இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துப் பேசினோம். சிலதுல அவ கவனிக்காம விட்டிருந்தா, சிலதுல நானு. அப்புறம் ஒரு கட்டுரை வந்துச்சு. நான் தள்ளியிருந்தேன், அவ வேணும்னு குறிச்சிருந்தா. பாத்த ஒடனே எனக்கு ஞாபகம் வந்துச்சு. போன தடவை பஸ்ல நான் ஆவேசமா தள்ளினது அது. காலுக்கு மெத்துச் செருப்பும் குடுத்து, களிம்பும் தடவிப் பாத்த சோதனை. "செருப்பையும் குடுத்துட்டா ஆறினது எதனாலன்னு எப்படித் தெரியும்? தள்ளு"ன்னு சொல்லியிருந்தேன்.

இப்பவும் அதையே சொன்னேன். அவ காகிதத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா: "ரெண்டு குரூப்புக்கும் ஒரே செருப்புதாங்க்கா குடுத்திருக்காங்க. ஒரு பக்கம் களிம்பு, ஒரு பக்கம் சாதாரணக் கட்டு. வித்தியாசம் களிம்பு மட்டும்தான். நாம எழுதி வெச்ச விதிப்படி இதைத் தள்ளவே முடியாது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேங்க்கா. புதுச்சத்திரம் வரைக்கும் சொல்லிட்டே வந்தேன். அதுக்கப்புறம் விட்டுட்டேன்."

எனக்கு அவ சொன்னது ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. நான் பேசினது மட்டும் அட்சரம் பிசகாம ஞாபகம் இருந்துச்சு. வெக்கமாப் போச்சு. சார் முழுக் கட்டுரையையும் எடுத்துப் போட்டாரு. சுருக்கத்தோட கடைசி வரியைப் படிச்சதும் தெரிஞ்சு போச்சு, நான் எதுக்கு அதைத் தள்ளினேன்னு. களிம்பு போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு போட்டிருந்துச்சு. மொத தடவையும் அந்த வரியைப் படிச்சிருக்கேன். படிச்சுட்டுத்தான் காரணம் தேடியிருக்கேன். ரெண்டாவது தடவையும் அதேதான்.

"சார், எங்க அண்ணன் காலுக்கு இந்தக் களிம்பைத்தான் குடுத்திருக்கேன்"னு சொன்னேன். படிவத்துல 'இல்லை'ன்னு எழுதினதையும் சொன்னேன். திட்டுவாருன்னு எதிர்பாத்தேன். அவரு, "அதைத் திருத்திடலாம் மேடம். கால் இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு.

போன்ல கேட்டதோட சரி, நான் அந்தக் காலைக் கண்ணால பாத்து மூணு மாசத்துக்கு மேல ஆயிருந்துச்சு. அரை நாள் லீவு எழுதிக் குடுத்துட்டு பஸ் மாறி நெல்லிக்குப்பம் போனேன்.

அண்ணன் அப்பத்தான் லோடு எறக்கிட்டு வந்து உக்காந்திருந்தாரு. "என்னா பாப்பா திடீர்னு?" "காலைக் காட்டு." "மொதல்ல காப்பி குடி." "காலைக் காட்டுண்ணே." அவரு கட்டைப் பிரிச்சாரு. மேல பாத்தா கொஞ்சம் மூடின மாதிரிதான் இருந்துச்சு. அழுத்தினா ஓரத்துலேருந்து சீழ் வந்துச்சு, நாத்தம் வந்துச்சு. பாதம் சுட்டுக்கிட்டு இருந்துச்சு. அவருக்கு நான் அழுத்தறதே தெரியலை, அண்ணிகிட்ட காப்பி சொல்லிக்கிட்டு இருக்காரு. இந்த மாதிரிக் காலை வார்டுல எத்தனையோ பாத்திருக்கேன். பாதிப் பேருக்கு விரலை எடுக்கறதோட நிக்காது, காலையே எடுக்க வேண்டி வரும்.

"அண்ணே, களிம்பு பத்தி நான் சொன்னது தப்பு. அது வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொல்லிட்டேன். இப்பவே கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவரு சிரிச்சாரு. நாளைக்கு ரெண்டு லோடு இருக்குதுன்னாரு. நான் அழுதுட்டேன். சண்டை போட்டா எதுத்துப் பேசுவாரு, அழுதா அவருக்குத் தாங்காது. எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டாரு. அண்ணி மாத்துத் துணியை எடுத்து வெச்சாங்க, ஆட்டோ புடிச்சு கடலூருக்கு வந்தோம்.

டாக்டரம்மா நுனி மழுங்கின மெல்லிசுக் கம்பி ஒண்ணைப் புண்ணுக்குள்ள விட்டு ஆழம் பாத்தாங்க. கம்பி எலும்புல முட்டுச்சுன்னா கதை வேற. விரலை எடுக்கணும், சில நேரம் அதோட நிக்காது. நான் அவுங்க கம்பியைப் பாக்கலை, அவுங்க மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். எக்ஸ்ரேவுக்கு அனுப்பினாங்க. படம் வர்ற வரைக்கும் நானும் அண்ணியும் பெஞ்சுல உக்காந்திருந்தோம். அண்ணி என் கையைப் புடிச்சிக்கிட்டாங்க. அவுங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா தேவலைன்னு இருந்துச்சு.

"எலும்புக்குப் போவல. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா போயிருக்கும்"னு டாக்டரம்மா சொன்னதும் நான் அங்கயே செவுத்துல சாஞ்சுட்டேன். அண்ணன் என்னைப் பாத்து, "புண்ணு எனக்கா இதுக்கா?"ன்னு நர்ஸம்மாகிட்ட கேட்டாரு.

சீழைச் சுத்தம் பண்ணி, ஊசி மாத்திரை குடுத்து, புண்ணு சுத்தமானதும் பாரம் விழாம இருக்க முழங்காலுக்குக் கீழ மாவுக்கட்டு போட்டாங்க. டிராக்டரை அண்ணியோட தம்பிகிட்ட குடுத்தாச்சு. அண்ணன் கட்டிலை விட்டு எறங்காம, "மச்சான், கியரைப் பேத்துடாதடா"ன்னு போன்லயே வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தாரு. நான் வாரம் ரெண்டு தடவை போவேன். போனதும் கேக்க மாட்டேன், பாப்பேன்.

அந்தக் கட்டுரையையும் சேத்துத்தான் ரிவ்யூவை முடிச்சோம். இந்தக் களிம்பு உதவுதுன்னு உறுதியாச் சொல்ல இப்போதைக்கு ஆதாரம் போதாதுன்னு முடிவு. மொத தடவை பாத்தது செல்லாமப் போயி மறுபடியும் செஞ்சோம்னும், எங்கள்ல ஒருத்தரோட அண்ணன் இதே களிம்பைப் போட்டிருந்தாருன்னும் எழுதினோம். அந்த வரியை நானே எழுதினேன். அதை எழுதி அனுப்பின அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாத் தூங்கினேன். மறுநாள் பஸ்ல அவ என் பக்கத்துல வந்து உக்காந்தா. முதுநகர்லேருந்து சிதம்பரம் வரைக்கும் அவளையே பேச விட்டேன். அவளுக்கும் பேச வருது.

கடைசியா மாவுக்கட்டைப் பிரிச்ச அன்னிக்கு நானும் கூடப் போயிருந்தேன். புண்ணு இருந்த எடத்துல புதுத்தோல் மூடியிருந்துச்சு. டாக்டரம்மா நல்லா அழுத்திப் பாத்தாங்க, ஒண்ணும் வரலை. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அண்ணன் எம்.சி.ஆர். செருப்பைத் தானே எடுத்துப் போட்டு வாரை இழுத்து மாட்டினாரு. மாட்டிக்கிட்டே கேட்டாரு, "அப்ப அந்தக் களிம்பு நல்லதா, கெட்டதா பாப்பா?"

"தெரியலண்ணே. இப்போதைக்கு யாருக்கும் உறுதியாத் தெரியல."

அவரு கோவமா ஒண்ணும் சொல்லலை, சாதாரணமாத்தான் சொன்னாரு: "இதை நீ அப்பவே சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன் பாப்பா. பயந்திருந்தா அப்பவே வந்திருப்பேன்."

அவரு என் தோளைப் புடிச்சுக்கிட்டு எழுந்து, இடது காலைத் தரையில ஊனி நின்னாரு.